நான் விற்ற வேகன்

மகன்,

போன ஞாயிற்றுக்கிழமை நீ வந்து கூப்பிட்டபோது முழங்கால் வலி என்று சொன்னேன். அது பொய். வலி இருக்கிறதுதான், ஆனால் கட்டுகஸ்தோட்டை வரைக்கும் உன் காரில் உட்கார்ந்து வர முடியாத வலி இல்லை. "சும்மா வந்து ஒருக்காப் பாருங்கப்பா. பழைய வேகன்தான், ஆனா நல்ல வண்டி மாதிரித் தெரியுது. நீங்களும் வேகன் வச்சிருந்தீங்கதானே, உங்களுக்குத் தெரியும்" என்றாய். நான் முழங்காலைத் தடவிக் காட்டிவிட்டு உள்ளே போய்விட்டேன். காரில் ஏறும்போது மருமகளிடம் நீ சொன்னது ஜன்னல் வழியாகக் கேட்டது. "அம்மா போன பிறகு இவருக்கு எங்க நல்லது கெட்டது எதுவுமே வேணாம் போல." உன்மேல் எனக்குக் கோபமில்லை. இரண்டாவது பிள்ளை பிறக்கப் போகிறது, மருமகள் வேலைக்குச் சின்னக் காரைக் கொண்டுபோனால் வீட்டுக்கு இன்னொரு வண்டி வேண்டும், பிள்ளைகளை வைத்துக்கொண்டு போக வேகன்தான் வசதி. எல்லாம் நியாயம். ஒரு வண்டியைப் பார்த்து "நல்ல வண்டி, எடு" என்று சொல்லும் உரிமை எனக்கு இல்லை என்பதை உன் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை. அதனால் எழுதுகிறேன். படித்து முடித்ததும் உன் தங்கைக்கும் கொடு. வேறு யாருக்குக் காட்ட வேண்டும் என்று நினைக்கிறாயோ அவர்களுக்கும் காட்டு. மறைப்பதற்கு இனி ஒன்றும் வைத்துக்கொள்ளப் போவதில்லை.

நம் வேகன் உனக்கு ஞாபகம் இருக்கும். உனக்கு அப்போது பதினேழு வயது. நம்மிடம் ஒரு சின்னக் கார் இருந்தது, அதை உன் அம்மா தெல்தெனியவில் படிப்பிக்கப் போக எடுத்துக்கொள்வாள். நான் மருந்து கொடுக்கும் கவுன்டரில் வேலை செய்த ஆஸ்பத்திரி கண்டிக்கு அந்தப் பக்கம். காலையில் குண்டசாலையிலிருந்து அவள் கிழக்கே போக, நான் இரண்டு பஸ் மாறி மேற்கே போவேன். ஒரு நாள் மழையில் நனைந்து, காய்ச்சலோடு வீட்டுக்கு வந்தபோது அவள்தான் சொன்னாள், இன்னொரு வண்டி எடுப்போம் என்று. எடுப்பதென்றால் பெரிதாக எடுப்போம், எல்லோரும் ஒன்றாகப் போகலாம் என்று நான் சொன்னேன். பிலிமத்தலாவைப் பக்கம் மெயின் ரோட்டில், பழைய வண்டிகள் விற்கிற ஒரு கார் சேலில் அந்த வெள்ளை வேகனைப் பார்த்தேன். டாக்டர் அம்மா ஒருத்தர் ஓட்டிய வண்டி என்று விற்கிறவன் சொன்னான். சீட் உறைகள் புதிதாக இருந்தன. ரேடியோ நன்றாகப் பாடியது. மெக்கானிக் ஒருவரைக் கூட்டிக்கொண்டு வந்து பார்க்கிறேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சந்தேகப்படுகிற ஆள் என்று நினைத்துவிடுவானோ என்று கூச்சப்பட்டேன். முன்பின் தெரியாத ஒருவன் முன்னால் பெரிய மனுஷனாக நிற்க ஆசைப்பட்டு, என் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு போகிற வண்டியின் அடியைக்கூடக் குனிந்து பார்க்காமல் வாங்கினேன். வண்டி வீட்டுக்கு வந்த அன்று நீயும் தங்கையும் பின்னால் ஏறிக் காலை நீட்டிப் படுத்துக்கொண்டு இறங்கமாட்டோம் என்று அடம் பிடித்தீர்கள். அம்மா சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்து, நான் கெட்டிக்காரன் என்று நினைத்துக்கொண்டேன்.

மூன்று மாதம் ஓட்டினோம். ஐப்பசி மழை தொடங்கியதும் பின் சீட்டின் காலடியில் தண்ணீர் தேங்கியது. நம் வீட்டுக்கு வரும் ஏற்றத்தில் நிறுத்தினால் பின்கதவு சாத்தாது, சமதரையில் நிறுத்தினால் சாத்தும். அதை ஒரு வேடிக்கைபோல நாம் பேசிக்கொண்டோம், உனக்கு ஞாபகம் இருக்கலாம். கடைசியில் மெனிக்கின்னவில் ஜயந்த பாஸின் கராஜுக்குக் கொண்டுபோனேன். நம் சின்னக் காரை வருஷக்கணக்காகப் பார்த்த மெக்கானிக் அவர். ஈரம் எங்கிருந்து வருகிறது என்று பார்க்கக் கார்ப்பெட்டைத் தூக்கினார். பிறகு ஒரு ஸ்க்ரூ டிரைவரால் சுரண்டினார். பெயின்ட் உரிந்து, கீழே பூசி மறைத்திருந்த பட்டி உதிர்ந்து, அதற்கும் கீழே துருவேறிய வெல்டிங் தெரிந்தது. முன் சீட்டுக்கும் பின் சீட்டுக்கும் நடுவில், இந்தக் கதவிலிருந்து அந்தக் கதவு வரைக்கும் அது போயிற்று. வெண்கட்டி ஒன்றை எடுத்து அதன் மேலேயே நீளமாகக் கோடு போட்டுக் காட்டினார்.

"சேர், இது ஒரு வண்டி இல்ல. ரெண்டு வண்டி."

எனக்கு விளங்கவில்லை. அவர் சிங்களத்தில் நிதானமாகச் சொன்னார். பின்னால் அடிபட்ட ஒரு வண்டியின் முன்பாதியையும் முன்னால் அடிபட்ட இன்னொரு வண்டியின் பின்பாதியையும் வெட்டி நடுவில் ஒட்டியிருக்கிறார்கள். ஒட்டியதையும் ஒழுங்காக ஒட்டவில்லை.

"ஓடாதா பாஸ்?" என்று கேட்டேன்.

"ஓடும். ஒண்ணும் நடக்காத வரைக்கும் ஓடும்."

"சரிப்படுத்த ஏலாதா?"

"ஏலாது. கழட்டிப் பார்ட்ஸுக்குக் குடுங்க. என்ஜின் நல்லா இருக்கு, கியர் பெட்டி நல்லா இருக்கு. யாருக்கும் ஓட்ட மட்டும் குடுக்காதீங்க, சேர். பாவம்."

அவர் சொன்ன ஒவ்வொரு சொல்லையும் அப்படியே எழுதியிருக்கிறேன். எனக்கு யாரும் சொல்லவில்லை, தெரியாமல் நடந்துவிட்டது என்று பின்னால் யாரும் எனக்காகப் பேசக்கூடாது.

கார் சேல்காரனிடம் போனேன். அவன் கதிரையில் இருந்து எழும்பவில்லை. "நீங்க பார்த்துத்தானே எடுத்தீங்க, மாத்தயா" என்றான். பக்கத்தில் நின்ற இரண்டு பேர் சிரித்தார்கள். வழக்குப் போடலாம் என்று ஒரு நண்பர் சொன்னார், அந்த அலைச்சலை நினைத்து விட்டுவிட்டேன். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அழவில்லை, என்னைத் திட்டவும் இல்லை. "போனது போகட்டும். பிள்ளைங்கள அதுல ஏத்தாம இருக்கத் தெரிஞ்சுதே, அது போதும். வேற யார் தலையிலயும் கட்டிறாதீங்க" என்றாள். சரி என்றேன். பார்ட்ஸுக்குக் கேட்டு வந்த ஆள் சொன்ன விலை, நாம் கொடுத்ததோடு பார்த்தால் மனசு வலிக்கிற மாதிரி இருந்தது. வண்டியைத் தார்ப்பாயால் மூடி ஒரு மாதம் முற்றத்தில் விட்டிருந்தேன். வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் அதைப் பார்ப்பேன். கார் சேலில் சிரித்த அந்த இரண்டு பேரின் சத்தம் கேட்கும். என்னை ஏமாற்றியவன் நன்றாகத்தானே இருக்கிறான், நான் மட்டும் ஏன் இழக்க வேண்டும் என்று ஒரு எண்ணம் வந்தது. அப்படி ஒரு எண்ணம் யாருக்கும் வரலாம். நான் அதை விரட்டவில்லை, உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தேன்.

பிலிமத்தலாவையில் திரைச்சீலை தைத்து விற்கிற சின்னக் கடை வைத்திருந்தவர் ரிஸ்வான். அவருடைய மகளுக்கு மூன்று வயது, அடிக்கடி மூச்சு இழுப்பு வரும். அவளுக்கு மருந்து எடுக்க என் கவுன்டருக்கு வருவார். கடைச் சாமான் ஏற்ற ஒரு பழைய வேன் அவரிடம் இருந்தது, துணிமூட்டையும் தூசியுமாக இருக்கும் அதில் பிள்ளையை ஏற்றினால் இழுப்பு கூடுகிறது என்று சொல்வார். என்னோடு வேலை செய்த ஒருவர் மூலமாகக் கேள்விப்பட்டிருக்கிறார். "சேர், உங்கட வீட்டுல ஒரு வேகன் சும்மா நிக்குதெண்டு செல்றாங்களே, குடுக்குற யோசனை ஈக்கா?" என்று கேட்டார். இல்லை என்று சொல்ல ஒரு நொடி போதும். "சனிக்கிழமை வாங்க" என்றேன். சனிக்கிழமை உன் அம்மாவுக்குப் பள்ளிக்கூடத்தில் மேலதிக வகுப்பு, உனக்கும் தங்கைக்கும் டியூஷன். அதை யோசித்துத்தான் அந்தக் கிழமையைச் சொன்னேன்.

வண்டியை முதல் நாளே கழுவி, கார்ப்பெட்டைக் காயவைத்து, சமதரையில் நிறுத்தியிருந்தேன். ரிஸ்வான் மனைவி நஸ்ரியாவையும் குழந்தை ஹனாவையும் கூட்டிக்கொண்டு வந்தார். மெக்கானிக்கைக் காணவில்லை. "யாரையும் கூட்டிட்டு வரலையா, வண்டியைப் பார்க்க?" என்று நானே கேட்டேன். அப்படிக் கேட்டதால் என் நேர்மை கொஞ்சம் மிஞ்சும் என்று நினைத்தேனோ என்னவோ. அவர் சிரித்தார். "என்னத்துக்கு சேர்? நீங்க தார மருந்த நாங்க பாத்தா குடிக்கிற?" நஸ்ரியா குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு பின் சீட்டில் உட்கார்ந்து பார்த்தாள். சீட்டைத் தடவினாள். பிறகு தலையை வெளியே நீட்டி, "சேர்ட புள்ளைகளும் இதுலயா போற?" என்று கேட்டாள்.

"ஆமா. மூணு மாசமா என் பிள்ளைங்க இதுலதான் போனாங்க" என்றேன்.

அது உண்மை, மகன். அந்த உண்மையை வைத்துத்தான் அவர்களை ஏமாற்றினேன். அவள் காலடியில் கார்ப்பெட்டுக்குக் கீழே ஜயந்த பாஸின் கோடு அழியாமல் கிடந்தது. பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன், அவர்கள் ஓட்டிக்கொண்டு போனார்கள். ஹனா பின்கண்ணாடி வழியாகக் கை காட்டினாள். நானும் கை காட்டினேன். உன் அம்மா வந்ததும், பார்ட்ஸுக்குக் கொடுத்துவிட்டேன் என்றேன். "நல்லது" என்றாள்.

நான்கு மாதம் கழித்து ஆஸ்பத்திரிக்கு பொலிஸிலிருந்து போன் வந்தது. ரிஸ்வான் இன்னும் தன் பெயருக்கு வண்டியை மாற்றியிருக்கவில்லை, வண்டியின் பதிவுப் புத்தகத்தில் என் பெயர்தான் இருந்தது. மாவனல்லையில் நஸ்ரியாவின் அண்ணன் வீட்டுக்குப் போகும் வழியில், கடுகண்ணாவை இறக்கத்தில், மழையில் விபத்து. முன்னால் ஒரு த்ரீவீலர் திடீரென்று நின்றிருக்கிறது, அவர் பிரேக் பிடிக்க வண்டி குறுக்காகத் திரும்பியிருக்கிறது, பின்னால் வந்த லொறி பக்கவாட்டில் மோதியிருக்கிறது. லொறி வேகமாகக்கூட வரவில்லை. ஆனால் வேகன் நடுவில் பிரிந்துவிட்டது. முன்பாதி ரோட்டிலேயே நின்றது, பின்பாதி சரிவில் இறங்கிவிட்டது. நஸ்ரியா அங்கேயே இறந்துபோனாள். ஹனாவின் இடுப்பெலும்பு நொறுங்கியிருந்தது. முன்னால் இருந்த ரிஸ்வானுக்கு நெற்றியில் ஒரு சின்னக் காயம் மட்டும்.

பொலிஸ் வளவில் அதைப் பார்த்தேன். இரண்டு பாதிகளையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டிருந்தார்கள். பிரிந்த விளிம்பு கத்தியால் வெட்டியதுபோல நேராக இருந்தது. ஒரு ஓரத்தில் வெண்கட்டியின் வெள்ளை இன்னும் தெரிந்தது. லொறி மோதினால் இப்படித்தான் ஆகும் என்று பக்கத்தில் நின்றவர்கள் பேசிக்கொண்டார்கள். வாகனத்தைப் பரிசோதித்தவர்கள் பிரேக்கையும் டயரையும் பார்த்து, இரண்டும் நல்ல நிலையில் இருந்தன என்று எழுதியிருந்தார்கள். நசுங்கிய தகரத்தில் பழைய வெல்டிங்கைத் தேட யாருக்கும் தோன்றவில்லை. "வித்தபோது வண்டியில ஏதும் குறை இருந்துச்சா?" என்று அதிகாரி கேட்டார்.

"இல்லை" என்றேன். வாசித்துக் காட்டினார். கையெழுத்துப் போட்டேன்.

மூன்றாம் நாள் ரிஸ்வானின் வீட்டுக்குப் போனேன். போகாமல் இருந்தால் சந்தேகம் வரும் என்றுதான் போனேன், இதையும் எழுதிவிடுகிறேன். மையித்தை அடக்கி முடித்திருந்தார்கள். ஆண்கள் வெளியே பிளாஸ்டிக் கதிரைகளில் இருந்தார்கள். என்னைக் கண்டதும் அவர் எழும்பி வந்து கட்டிப்பிடித்துக்கொண்டார். "நீங்க நல்ல வண்டிதான் தந்தீங்க சேர். பிரேக்கெல்லாம் நல்லம் எண்டு பொலிஸே செல்லிட்டு. நாந்தான்... என்ட கையாலதான் சேர்..." என்று என் தோளில் அழுதார். நான் அவர் முதுகைத் தடவிக் கொடுத்தேன். அந்தக் கையை என்ன செய்வதென்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

உன் அம்மாவுக்கு ஜயந்த பாஸ் மூலம் தெரியவந்தது. பேப்பரில் வந்த படத்தில் வண்டியின் இலக்கத்தைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்திருக்கிறார். நான் வேலை முடிந்து வரும்போது அவள் சமையலறையில் அடுப்பைப் பற்றவைக்காமல் நின்றுகொண்டிருந்தாள். "பார்ட்ஸுக்குக் குடுத்தேன்னு சொன்னீங்களே" என்றாள். அடுத்த நாள் காலையில் சின்னக் காரின் சாவியை மேசையில் வைத்துவிட்டு பஸ்ஸில் தெல்தெனியவுக்குப் போனாள். ஓய்வு பெறும் வரைக்கும் பஸ்ஸிலேயே போனாள். நான் ஓட்டுகிற எந்த வண்டியிலும் பிறகு அவள் உட்காரவில்லை. நீங்கள் இருவரும் அவளைப் பிடிவாதக்காரி என்று கேலி செய்தீர்கள், அவளும் சிரித்துச் சமாளித்தாள். போன வருஷம் அவளுக்கு மிகவும் முடியாமல் போனபோது, "வீட்டுல கார் நிக்குது, அம்மாவ ஏம்ப்பா த்ரீவீலர்ல ஏத்துறீங்க" என்று நீ என்மேல் பாய்ந்தாயே, அவள் உன் கையைப் பிடித்து "எனக்கு இதுதான்டா காத்தோட்டமா இருக்கு" என்றாள். அது எனக்காகச் சொன்ன பொய் இல்லை. உனக்காகச் சொன்னது. அப்பனைப் பற்றி உன் மனதில் இருந்ததை உடைக்க வேண்டாம் என்று சொன்னது.

வருஷத்தில் ஒரு நாள், நஸ்ரியா இறந்த அந்த நாளில் மட்டும், என்னிடம் கேட்பாள். "போய்ச் சொன்னீங்களா?" முதலில் உன் ஏ.எல். பரீட்சை முடியட்டும் என்றேன். பிறகு உனக்கு ஒரு வேலை கிடைக்கட்டும். பிறகு தங்கையின் கல்யாணம், பிறகு உன் கல்யாணம். ஒவ்வொரு முறையும் உங்கள் பெயரைச் சொல்லித்தான் தப்பித்தேன். ஒரு முறை கோபத்தில், அப்படியென்றால் நீயே போய்ச் சொல்லேன் என்று கத்தினேன். "நான் சொன்னா உங்களக் காட்டிக் குடுத்தது ஆகும். நீங்க சொன்னாத்தான் அது சொன்னது" என்றாள். பதினோரு முறை கேட்டாள். இந்த வருஷம் கேட்க ஆளில்லை. கேட்க ஆளில்லாத வீட்டில் அந்த நாளைக் கழிப்பது எப்படி என்று எனக்குத் தெரியவில்லை. அதனால் போனேன். நல்ல மனசு வந்து போனேன் என்று நினைத்துக்கொள்ளாதே.

அதற்கு முன் உன் வேகனைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். வாங்காதே என்று சொல்லவில்லை. என்னைக் கூட்டிப்போகாதே, உன் மாமனாரையும் கூட்டிப்போகாதே, கூலி வாங்கிக்கொண்டு குறை சொல்வதையே வேலையாகக் கொண்ட ஒரு மெக்கானிக்கைக் கூட்டிப்போ. கார்ப்பெட்டைத் தூக்கிப் பார்க்க விடாதவனிடம் வாங்காதே. ஏற்றத்தில் நிறுத்தி எல்லாக் கதவுகளையும் திறந்து சாத்திப் பார். மேலே தூக்கி அடியைப் பார். புத்தகத்தில் இருக்கும் இலக்கமும் வண்டியில் அடித்திருக்கும் இலக்கமும் ஒன்றா என்று உன் கண்ணாலேயே பார். கூச்சப்படாதே. விற்கிறவன் உன்னை என்ன நினைப்பான் என்பதை உன் பிள்ளைகளின் உயிருக்கு மேலே வைக்காதே. இவ்வளவும் செய்தும் நீ ஏமாந்து போகலாம். பழைய வண்டி வாங்குகிறவன் ஏமாறுவது உலகத்தில் நடக்காத விஷயமில்லை. ஆனால் வாங்கிய நாளைவிட நீ பயப்பட வேண்டியது, அதை விற்கப்போகிற நாளுக்குத்தான். உன்னிடம் வந்து சேர்ந்த குறை உன்னோடு நிற்க வேண்டும். அந்த இழப்பைத் தாங்கிக்கொள். தாங்கக்கூடிய இழப்பு அது ஒன்றுதான் என்று எனக்குக் காலம் கடந்துதான் தெரிந்தது.

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை பஸ்ஸில் பிலிமத்தலாவைக்குப் போனேன். ரிஸ்வானின் கடை இப்போது பாதியாகிவிட்டது, மறுபாதியில் போன் திருத்துகிற யாரோ இருக்கிறார். அவர் தனியாகத் தைத்துக்கொண்டிருந்தார். தாடி நரைத்திருந்தது. "சேரா! வாங்க, வாங்க" என்று எழும்பிக் கதிரையைத் துடைத்துப் போட்டார். நான் உட்காரவில்லை. நின்றுகொண்டே சொன்னேன். ஜயந்த பாஸ் சொன்னது, நான் மறைத்தது, பொலிஸில் சொன்ன பொய், எல்லாம். அவர் தையல் மெஷினின் சக்கரத்தில் கையை வைத்தபடி இருந்தார்.

"அவ முன்னுக்குத்தான் இருக்கோணும் எண்டா" என்றார் கடைசியில். "வளைவுல அவக்குத் தல சுத்தும். நாந்தான் செல்லினேன், புள்ளையோட பின்னுக்கு இரி, அதுதான் பாதுகாப்பு எண்டு. பன்ரெண்டு வருஷமா ஒவ்வொரு நாளும் அதத்தான் சேர் நினைக்கிற. நாந்தான் அவள பின்னுக்கு வெச்சுக் கொன்னுட்டேன் எண்டு."

பிறகு அவர் எழும்பினார். என் சட்டையைப் பிடித்தார். அடிப்பார் என்று நினைத்தேன், அடித்தால் நல்லது என்றும் நினைத்தேன். விட்டுவிட்டார்.

"அவட அண்ணன் என்ட முகத்துக்கு நேர கேட்டார், நீ மட்டும் எப்பிடித் தப்பின எண்டு. புள்ளைய எடுத்துட்டுப் போயிட்டார். நான் ஒண்டும் பேசல்ல. கொலைகாரனுக்கு என்னத்துக்குப் புள்ள எண்டு நானே விட்டுட்டேன். வெள்ளிக்கிழமைல போவேன். கேட்டடில நிப்பேன். பத்து நிமிஷம் அனுப்புவாங்க. நீங்க அண்டைக்கே பொலிஸ்ல இதச் செல்லியிருந்தா, என்ட மகள் என்னோட இருந்திருப்பா."

இத்தனை வருஷமும் நான் ஒரு கொலையைத்தான் சுமக்கிறேன் என்று நினைத்திருந்தேன். இந்த இரண்டாவது குற்றம் எனக்குத் தெரியவே தெரியாது. நான் உன்னை டியூஷனுக்கு அனுப்பி, உன் பட்டமளிப்புக்குப் போய், உன் கல்யாணத்தில் முன் வரிசையில் நின்ற அந்த வருஷங்கள் முழுவதும், என் மௌனம் ஒரு மனிதனைத் தன் பிள்ளையின் வாசலுக்கு வெளியே நிறுத்தி வைத்திருக்கிறது.

"வாங்க" என்றார். "இப்பவே வாங்க. எனக்குச் செல்லினத அங்க வந்து செல்லுங்க."

கடையைப் பூட்டிவிட்டு என்னை பஸ்ஸில் ஏற்றினார். விபத்துக்குப் பிறகு அவர் எந்த வண்டியும் ஓட்டியதில்லையாம். கடுகண்ணாவை இறக்கத்தில் ஒரு வளைவு வந்தபோது கண்ணை மூடிக்கொண்டார். வாய் ஏதோ ஓதியது. எந்த வளைவு என்று நான் கேட்கவில்லை.

மாவனல்லை வீட்டில் நஸ்ரியாவின் அண்ணன் என்னை மட்டும் உள்ளே கூப்பிட்டார். ரிஸ்வான் வழக்கம்போலக் கேட்டருகில் நின்றுகொண்டார். ஹனாவுக்கு இப்போது பதினைந்து வயது. ஒரு காலை இழுத்து நடக்கிறாள். அவளை உள்ளே அனுப்பிவிட்டுப் பேசலாம் என்று அண்ணன் சொன்னார். "எனக்கும் கேக்கோணும் மாமா" என்று அவள் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இரண்டாம் முறையாகச் சொன்னேன். முதல் முறையைவிடக் கஷ்டமாக இருந்தது. அண்ணனின் முகம் கறுத்தது, எழும்பி இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டார். பிள்ளைதான் கேட்டாள்.

"அந்த ஒட்டின இடத்துக்குப் பின்னாலயா உம்மா இருந்த?"

"ஆமாம்மா."

"வாப்பா பிரேக் புடிச்சாங்களா?"

"பிடிச்சாரும்மா. பிரேக் நல்லா வேலை செஞ்சதுன்னு ரிப்போர்ட்லயும் இருக்கு."

"அப்ப வாப்பா சரியாத்தான் ஓட்டினாங்க."

"சரியாத்தான் ஓட்டினார்."

அவள் என்னைத் தாண்டிக்கொண்டு வெளியே போனாள். அவள் நடக்கிற சத்தம் முற்றத்தில் கேட்டது, ஒரு கால் ஊன்றுவது, ஒரு கால் இழுபடுவது. கேட்டைத் திறந்து, "உள்ளுக்கு வாங்க வாப்பா" என்றாள். அவர் வரவில்லை. அண்ணனைப் பார்த்துக்கொண்டு நின்றார். அண்ணன் வாசல் வரைக்கும் போனார், படியில் உட்கார்ந்துவிட்டார். அதற்குப் பிறகு நடந்ததை நான் பார்க்கவில்லை. அங்கே நிற்க எனக்கு இடமில்லை. கேட்டைத் தாண்டும்போது அண்ணன் பின்னாலிருந்து, "நாங்க பொலிஸுக்குப் போவோம்" என்றார். "நானும் வருவேன்" என்றேன். யாரும் என்னை ஏசவில்லை, யாரும் மன்னிக்கவும் இல்லை. ரிஸ்வான் என்னைத் திரும்பிப் பார்க்கவே இல்லை.

நெஞ்சு லேசாகிவிட்டது என்று எழுதினால் நீ சந்தோஷப்படுவாய். ஆகவில்லை. சொல்லாதபோது ஒரு முகம்தான் கனவில் வரும், இப்போது நான்கு முகங்கள் வருகின்றன. ஆனாலும் போகாமல் இருந்திருக்கலாம் என்று ஒரு தரமும் தோன்றவில்லை.

அடுத்த திங்கட்கிழமை பொலிஸுக்குப் போய், முன்பு கொடுத்த வாக்குமூலம் பொய் என்று புதிதாக எழுதிக் கொடுத்தேன். அங்கே இருந்த இளம் அதிகாரி பழைய கோப்பைத் தேடி எடுக்க வேண்டும், மேலிடத்தில் கேட்க வேண்டும் என்றார். ஜயந்த பாஸ் உயிரோடு இருக்கிறார், கூப்பிட்டால் வந்து சொல்வதாகச் சொல்லியிருக்கிறார். வழக்கு வருமா, வந்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது. வந்தால் நான் குற்றவாளிக் கூண்டில் நிற்பேன். பேப்பரில் பெயர் வரும். நீ வேலை செய்கிற கந்தோரில் பேசுவார்கள், மருமகளின் வீட்டில் பேசுவார்கள். அதற்கு உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன். ஆனால் அதற்காகப் பின்வாங்கமாட்டேன். உங்கள் பெயரைச் சொல்லித் தப்பிப்பதை இந்தத் தடவையோடு நிறுத்திக்கொள்கிறேன்.

உன்னை எனக்குத் தெரியும். இதைப் படித்ததும் நீ எனக்காக ஓடுவாய். நல்ல லோயரைப் பிடிப்பாய். அவர் உன்னிடம் ஒரு யோசனை சொல்வார், வயதானவர், மனைவி போன துக்கம், குழம்பிப்போய்ப் பேசுகிறார், அப்படி ஒரு டாக்டர் சர்டிபிகேட் எடுத்துக் கொடுத்தால் போதும் என்று. உன் தங்கை அழுதுகொண்டே அதற்குத் தலையாட்டுவாள். செய்துவிடாதீர்கள். பொலிஸ் உன் வீட்டுக்கு வந்து கேட்டால் இந்தக் கடிதத்தை எடுத்துக் கொடு. அப்பாவுக்கு ஞாபகம் சரியில்லை என்று மட்டும் சொல்லிவிடாதே, மகன். எனக்கு எல்லாம் ஞாபகம் இருக்கிறது.

அப்பா